பழி யார்மேல்?

பாரம்பரியத்தைப் பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் நாம் தவறாமல் கூறிவந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துப் பீமா என்னும் ஆதிக்குடிகளில், 35 வயதைக் கடந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நீரிழிவு இருப்பது 1965-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் தெரிய வந்தது. பஞ்ச காலத்தில் உயிர் பிழைப்பதற்காகக் கொழுப்பைச் சேமித்துவைக்கும் 'சிக்கன ஜீன்' ஒன்று சிலருக்கு அமைந்திருக்கலாம் என்று ஜேம்ஸ் நீல் என்ற விஞ்ஞானி 1962-ல் ஊகித்திருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டு, "அது அவர்கள் இரத்தத்திலேயே உள்ளது" என்று முடித்துவிடுவோம். பரீட்சைக்கும் அது சௌகரியமான விடை. நமக்கும் சர்க்கரை உபத்திரவம் உண்டாகையால், காலஞ்சென்ற தகப்பனார்மீது பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவந்தோம்.

சென்ற வருஷம் கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "அவர்களுடைய பாட்டன்மாருக்கும் அந்த நோய் இருந்ததா, ஸார்?" என்றான். "உட்கார்" என்றோம். வேறென்ன சொல்வது?

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினோம். 1940-ல் ஜாஸ்லின் என்ற புகழ்பெற்ற நீரிழிவு வைத்தியர் அரிஸோனா இந்தியர்களை ஆராய்ந்தபோது, அந்நோய் மற்ற அமெரிக்கர்களிடம் இருந்த அளவே அவர்களிடமும் இருக்கக் கண்டாராம். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு ஜனத்தின் இரத்தம் மாறிவிடுமா? மாறியது வேறு. அவர்கள் தங்களை 'ஆற்று மக்கள்' என்றே அழைத்துக்கொள்பவர்கள். ஹீலா நதியிலிருந்து வாய்க்கால் வெட்டிச் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்புறம் குடியேறிய வெள்ளையர் நதியைத் திருப்பிக்கொண்டார்கள். வயல்கள் காய்ந்தன, பட்டினி வந்தது. பிற்பாடு சர்க்கார் அளந்து கொடுத்தது மாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும்!

மெக்ஸிகோ மலைகளில் மாய்கோபா என்ற ஊரில் அவர்களுடைய நெருங்கிய இனத்தார் இன்னும் உழுது உண்கிறார்கள். 2006-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, அங்கே வயது வந்தோரில் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவாகவே நீரிழிவு, அரிஸோனாவிலோ 38.

இரத்தத்துக்குப் பங்கே இல்லையென்று வாதிக்க வரவில்லை. தாய் தந்தை இருவருக்கும் நோயிருந்தால் பீமாக் குழந்தைகளுக்கு அது சீக்கிரமே வருகிறது. ஆனால் நீல் ஊகித்த அந்த ஒற்றை ஜீன் இன்றுவரை அகப்படவில்லை. 2016-ல் ஸமோவாத் தீவினரிடம் உடலைப் பருக்கச் செய்யும் ஜீன் வேறுபாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வேடிக்கை என்னவெனில், அதையுடையவர்களுக்கு நீரிழிவு அபாயம் குறைவு!

அந்தப் பையன் இப்போது மேல்வகுப்பில் படிக்கிறான். வராந்தாவில் நிறுத்தி, "இல்லையப்பா, பாட்டன்மாருக்கு அப்படி இருக்கவில்லை" என்று ஹீலா நதியின் கதையைச் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "தண்ணீர் திரும்ப வந்ததா, ஸார்?" என்று கேட்டான்.

2004-ல் ஒரு சட்டம் அவர்களுக்குத் தண்ணீர் உரிமையை மீட்டுக் கொடுத்தது என்று இம்முறை உடனே பதில் சொல்ல முடிந்தது.