யார்க் நகரில் நாலு நாள் ஜாகை

"சமையலறை இருக்கிறது!" என்றேன் நான், ஏதோ பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டவனைப் போல.

"யாருக்கு?" என்றாள் என் மனைவி.

இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்கு முன்னால் விஷயம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் என் மைத்துனன் வேலையாக இருக்கிறான். கோடை விடுமுறைக்கு என் தாயார், மனைவி, ஒன்பது வயதுப் பெண், நான் ஆக நாலு பேரும் அவன் வீட்டுக்குப் போவதென்று ஏற்பாடு. போன இடத்தில் பதினைந்து நாளும் உறவினர் வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஊர்தான் லண்டன். காலையில் டிபன் என்ன, மத்தியானம் குழம்பு என்ன என்ற கேள்விகள் கடல் தாண்டியும் கூடவே வந்துவிடும். "நடுவில் ஒரு நாலு நாள், நாம் யாருக்கும் விருந்தாளியாக இல்லாமல், நமக்கும் யாரும் விருந்தாளியாக இல்லாமல் எங்கேயாவது இருந்துவிட்டு வரலாமே" என்று கேட்டவள் அவள்தான். கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்டது அதிகமில்லை. ஆகவே நானும் மும்முரமாக இறங்கினேன்.

நான் தேர்ந்தெடுத்த ஊர் யார்க். லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் வேகமான வண்டியில் இரண்டு மணி நேரந்தான். கி.பி. 71-ல் ரோமானியப் படை வந்து பாசறை போட்ட இடம் அது. 306-ல் கான்ஸ்டன்டைனை அங்கேதான் படைவீரர்கள் சக்கரவர்த்தி என்று கோஷித்தார்கள். 866-ல் வைகிங்குகள் வந்து பிடித்தார்கள். அவர்கள் 'யோர்விக்' என்று அழைத்ததுதான் தேய்ந்து தேய்ந்து யார்க் ஆயிற்று. நகரைச் சுற்றிக் கோட்டை மதில், நடுவே ஊஸ் நதி. ஸ்டேஷனிலிருந்து எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். எழுபது வயதுத் தாயாரையும் ஒன்பது வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஹோட்டலில் இரண்டு அறை எடுத்தால் நாலு நாளைக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்தேன். ஒரு பவுனுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டிய காலம் இது. கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன். காட்டேஜ் என்று சிறு வீடுகளை நாள் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். கூடம், இரண்டு படுக்கை அறை, சமையலறை, பாத்திரம் பண்டம் எல்லாம் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்த பெருமையில்தான் நான் முதலில் சொன்ன வாக்கியத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

சமையலறை தகராறு இருக்கட்டும். வீடு பிடிக்கிற கதையை முதலில் கேளுங்கள். நாளை நீங்களும் இந்த வேலையில் இறங்கலாம்.

நான் முதலில் மயங்கியது நதிக்கரையிலேயே இருந்த ஒரு வீட்டின் படத்தில். ஜன்னலுக்குக் கீழே தண்ணீர், படகு, அன்னம். அம்மாவிடம் காட்டினேன். அவள் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "ஏண்டா அப்பா, படித்துறைக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு மேடு காணோமே? வெள்ளம் வந்தால் எங்கே போவார்கள்?" என்றாள்.

விசாரித்தால், அம்மா கேட்டதுதான் நியாயமான கேள்வி! ஸ்வேல், யூர், நிட் என்று வடமேற்கு மலைகளிலிருந்து வரும் ஆறுகளின் தண்ணீரெல்லாம் ஊஸில்தான் வந்து சேருகிறது. அந்த மலைகளில் மழை பெய்தால், யார்க்கில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நதி ஏறும். கிங்ஸ் ஸ்டெய்த் என்கிற படித்துறை மழைக்காலத்தில் அடிக்கடி முழுகும். அங்கேயுள்ள பழைய மதுக்கடை ஒன்றில், எந்தெந்த வருஷம் வெள்ளம் எந்த உயரம் வந்தது என்று சுவரிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். 2000-ம் வருஷம் நவம்பரில் வந்த வெள்ளம் பெரியது. 2015-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஊஸில் வந்து கலக்கும் ஃபாஸ் என்ற சிற்றாற்றின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீரைத் தடுக்கும் மதகு ஒன்று அங்கே 1987 முதல் உண்டு. அன்று அதன் மின்சாரக் கருவிகள் இருந்த இடத்திலேயே வெள்ளம் புகுந்துவிட்டதால், மதகை உயர்த்திவிட வேண்டியதாயிற்று. நாங்கள் போவதோ ஏப்ரல் கடைசியில். அப்போது அவ்வளவு பயமில்லை. ஆனாலும் அம்மா சொன்ன வார்த்தை மனசில் நின்றுவிட்டது: "ஆறு அழகாக இருக்க வேண்டுமென்றால் அது பத்து வீடு தள்ளி இருக்க வேண்டும்."

பத்து வீடு தள்ளியே பார்த்தேன். மதிலுக்கு உள்ளேயே, நதிக்குத் தென்மேற்கே, சற்று மேட்டுப் பாங்காக பிஷப்ஹில் என்ற பகுதி இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சின்னச் செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. பார்க்கப் பொம்மை வீடு மாதிரி அழகாக இருக்கும். ஆனால் சகோதரிகளே, பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். மாடிப்படி எவ்வளவு செங்குத்து? குளியலறை மாடியிலா, கீழேயா? இந்த வீடுகளைக் கட்டியபோது உள்ளே குளியலறையே கிடையாது. பிற்காலத்தில் சமையலறைக்குப் பின்னால் ஒட்டவைத்தார்கள். படுக்கை மாடியில், குளியலறை கீழே என்றால் முழங்கால் வலிக்காரர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வார்கள்? நான் கேட்டேன். கீழ் அறையில் ஒரு கட்டில் போட்டுத் தருவதாக வீட்டுக்காரர் பதில் எழுதினார். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் அம்மா பெட்டி அடுக்க ஆரம்பித்தாள்.

எந்தக் கிழமை போவது என்பதும் முக்கியம். வெள்ளிக்கிழமை முதல் திங்கள் வரை மூன்று ராத்திரி, அல்லது திங்கள் முதல் வெள்ளி வரை நாலு ராத்திரி, இப்படித்தான் பெரும்பாலும் விடுகிறார்கள். வார நாட்களில் வாடகை குறைவு. ஆகஸ்டில் குதிரைப் பந்தயம் நடக்கும் வாரத்திலும், நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்திலும் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். ஜூனில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

இருக்குமிடத்தைச் சொல்லும்போது இன்னொரு கலவரம் உண்டாயிற்று. "மிக்கிள்கேட் பார் பக்கத்தில்" என்று நான் சொன்னதுதான் தாமதம், "சாராயக் கடைக்குப் பக்கத்திலா ஜாகை பிடித்திருக்கிறாய்?" என்று அம்மா பதறிவிட்டாள். அந்த ஊரில் தெருவுக்குத்தான் 'கேட்' என்று பெயர். அது வைகிங்குகள் விட்டுப்போன வார்த்தை. கோட்டை வாசலுக்கு 'பார்' என்று பெயர். இதை விளக்கிவிட்டு, "ராஜத் துரோகிகளின் தலையை வெட்டி இந்த வாசல் மேலேதான் வைப்பார்களாம். 1460-ல் யார்க் பிரபுவின் தலையே அங்கே இருந்ததாம்" என்று உற்சாகமாகச் சேர்த்துவிட்டேன்.

"அதற்குச் சாராயக் கடையே தேவலை" என்றாள் அம்மா.

இனி அந்தச் சமையலறை. என் மனைவியின் வாதம் எளிமையானது: "ஹோட்டலுக்குப் போனால் பணம் போகும். காட்டேஜுக்குப் போனால் என் நாலு நாள் போகும். இரண்டும் செலவுதானே? ஏன் ஒன்றை மட்டும் கணக்கில் எழுதுகிறீர்கள்?" நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். வாடகை, ரயில், டிக்கெட் எல்லாம் எழுதியிருந்தேன். அவள் நாலு நாளை எழுதவில்லை என்பது உண்மைதான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. காலைக் காப்பியும் ரொட்டியும் என் பொறுப்பு. மத்தியானம் வெளியில்: வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து உள்ளே பாலாடைக்கட்டி வைத்துக் கொடுப்பார்கள், சைவக்காரர்களுக்கு வயிறு நிறையும். ராத்திரி சாதம், பருப்பு, அதுவும் நானே. அவள் அடுப்பைத் தொடக்கூடாது, யோசனையும் சொல்லக்கூடாது. பொடியும் ஊறுகாயும் ஊரிலிருந்து கொண்டுபோகலாம். நெய் ஜாடி, பால்கோவா போன்றவற்றை எடுத்துப் போகாதீர்கள்; இந்தியாவிலிருந்து பாலில் செய்த பண்டங்களைக் கொண்டுவர அங்கே அனுமதி கிடையாது.

முதல் ராத்திரியே சோதனை வந்தது. எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டேன். கடுகு வெடித்தது, கூடவே கூரையில் ஒரு யந்திரம் 'கீ, கீ' என்று அலறத் தொடங்கியது. புகையைக் கண்டால் கத்துகிற மணி அது. நம் தாளிப்பு அதற்குத் தீ விபத்து! அம்மா துண்டை எடுத்து அதன் கீழே நின்று விசிறினாள். குழந்தை கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். மாடியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த என் மனைவி இறங்கி வரவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தந்தானே?

ஊரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். மின்ஸ்டர் என்ற பெரிய மாதா கோயிலை 1220 வாக்கில் கட்ட ஆரம்பித்து 1472-ல் முடித்தார்கள். கிழக்கு ஜன்னல் ஒன்று போதும். டென்னிஸ் மைதானம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி! 1405 முதல் 1408 வரை மூன்றே வருஷத்தில் ஜான் தார்ன்டன் என்பவர் செய்தது. கூலி 56 பவுன். உள்ளே போகக் கட்டணம் உண்டு. மாலைப் பாட்டு வழிபாட்டுக்குப் போனால் கட்டணமில்லை. ரயில் மியூசியத்துக்கும் கட்டணம் கிடையாது. 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடிய 'மாலார்ட்' நீராவி எஞ்சினைக் குழந்தை விட்டு நகரவே மாட்டேன் என்றாள். நம் வீட்டுக் குழந்தைகள் கேட்கும் கிட்காட் 1935-ல் இந்த ஊர்த் தொழிற்சாலையில்தான் பிறந்தது.

லெண்டல் பாலத்தில் நின்றபோது ஒரு கதை தெரிந்தது. 1863-ல் இந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே ஓடக்காரர் ஒருவர் ஆட்களை அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தார். பாலம் வந்ததும் அவர் பிழைப்புப் போயிற்று. நஷ்ட ஈடாக 15 பவுனும் ஒரு குதிரை வண்டியும் கொடுத்தார்களாம். ஓடக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருந்ததா என்று அம்மா கேட்டாள். எனக்கும் அதே சந்தேகந்தான்.

கிளிஃபர்ட் கோபுரத்தின் புல்மேட்டில் குழந்தைகள் உருண்டு விளையாடுகிறார்கள். 1190-ல் கலகக்காரர்களுக்குப் பயந்து சுமார் 150 யூதர்கள், அங்கே அப்போதிருந்த மரக்கோட்டைக்குள் ஒளிந்து, வெளியே வர வழியின்றி மாண்டார்கள். அதைப் படித்துவிட்டுக் குழந்தையைக் கூப்பிட்டேன். பிறகு, விளையாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி அதிக நேரம் நின்றது ஷாம்பிள்ஸ் தெருவில். மேல் மாடிகள் எதிரெதிரே குனிந்து, கை நீட்டினால் தொடுமோ என்னும்படி நெருங்கி நிற்கும் பழைய கசாப்புக்காரத் தெரு. படம் பிடிக்கிறவர்கள் கூட்டம் தாங்காது. காலை ஒன்பது மணிக்கு முன்னால் போங்கள். அங்கே மார்கரெட் கிளிதரோ என்ற பெண்மணிக்குச் சிறு கோயில் இருக்கிறது. கசாப்புக் கடைக்காரரின் மனைவி. கத்தோலிக்கப் பாதிரிமார்களை வீட்டில் ஒளித்து வைத்தாள் என்று குற்றம் சாட்டினார்கள். வழக்கு நடந்தால் சொந்தக் குழந்தைகளே சாட்சி சொல்ல நேரும் என்று, அவள் வாய் திறந்து பதிலே சொல்லவில்லை. பதில் சொல்லாதவர்களுக்கு அந்தக் காலத்துத் தண்டனை, மேலே பாரத்தை ஏற்றி நசுக்குவது. 1586 மார்ச் 25-ம் தேதி, ஊஸ் பாலத்தின் அருகே அப்படித்தான் கொன்றார்கள். 1970-ல் அவளைப் புனிதவதி என்று போப்பாண்டவர் அறிவித்தார். என் மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை ஊஸ் பாலத்தைக் கடக்கும்போது கைப்பிடிச் சுவரில் கை வைத்துக் கொஞ்சம் நின்றாள்.

கடைசி நாள் காலையில், "மதில்மேல் நடந்துவிட்டு வருகிறேன்" என்றாள். மதில் மொத்தம் சுமார் இரண்டு மைல். எட்டு மணிக்குத் திறக்கிறார்கள், பொழுது சாய்ந்தால் பூட்டிவிடுகிறார்கள், கட்டணம் கிடையாது. சில இடங்களில் உட்புறம் கைப்பிடியே இல்லை. குழந்தைகளோடு போனால் கையை விடாதீர்கள். நான் கூட வருவதாகச் சொன்னேன். "ரொட்டி கருகும்" என்று சொல்லிவிட்டுக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். பாத்திரம் கழுவினேன், படுக்கை விரிப்புகளைச் சுருட்டினேன், அம்மாவின் மருந்துகளைத் தேடி எடுத்தேன். ஒன்பதே முக்கால் ஆகியும் அவளைக் காணோம். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். மதில் சரிவில் பூத்திருந்த டாஃபடில் பூக்கள் வாடத் தொடங்கிவிட்டன என்றாள். காற்று பலம் என்றாள்.

"வேறு என்ன பார்த்தாய்?" என்றேன்.

"இரண்டு மணி நேரம் நடந்தேன். ஒருத்தர்கூட என்னை ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாவியை வாசல் பெட்டிக்குள் போடப் பத்து மணி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது.