மானைப் பார்க்குமுன் டயரைப் பார்!

எங்கள் பரம்பரையில் வேட்டை என்றால் அதிகபட்சம் கரப்பான் பூச்சிதான். அதுவும் விளக்குமாறு அம்மா கையில்; அப்பாவும் நாங்களும் கட்டில் மேலே!

இப்படிப்பட்ட வம்சத்தில் வந்த நான், ஒரு மான் வேட்டைக்காரருக்கு செகண்ட் ஹாண்ட் பிக்கப் வண்டி தேடிப் பிடித்து, அதைக் காட்டுக்குத் தோதாகத் தயார் பண்ணியும் கொடுத்தேன் என்றால்... விதி, வேறென்ன!

நான் குப்பை கொட்டுவது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கம். இங்கே நவம்பர் 15-ம் தேதி கிட்டத்தட்ட நம்ம ஊர் தீபாவளி. அன்றைக்குத்தான் துப்பாக்கியால் மான் சுடும் சீஸன் ஆரம்பம். 30-ம் தேதி வரை நடக்கும். ஆபீஸில் பாதி சீட் காலி. லீவு கேட்க யாரும் பாட்டியைச் சாகடிப்பதில்லை. 'மான்' என்றால் போதும், மேனேஜர் தலையாட்டிவிடுவார். அவரும் கிளம்பிக்கொண்டிருப்பார். 'ஐயோ பாவம், மான்' என்று சொல்லாதீர்கள். இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் மானும் வண்டியும் மோதிக்கொள்கிற விபத்து வருஷத்துக்கு 50 ஆயிரத்துக்கும் மேலே!

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வயசு 71. 2022-ல் பைபாஸ் ஆபரேஷன். அந்த வருஷ சீஸன் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற பிக்கப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். 2023-ல் டாக்டர் ஓகே சொல்லிவிட்டார். பாட்டியம்மாதான் சுலபத்தில் மசியவில்லை. கடைசியில் மூணு கண்டிஷன். வண்டி நம்பகமா இருக்கணும். கூட ஒரு ஆள் போகணும். இவர் கனமானது எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, தோண்டக் கூடாது.

சொல்லிவிட்டு பாட்டியம்மா என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள், "போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை!

முதல் வேலை, வண்டி. மிச்சிகனில் பனிக்காலத்தில் ரோடெல்லாம் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்பு வண்டியின் அடிவயிற்றை அரித்துவிடும். மேலே பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருக்கும், கீழே அப்பளம்! பெரியவர் ஒரு சின்ன சுத்தியலோடு வந்தார். சேஸிஸை வரிசையாகத் தட்டினார். 'டங்' என்றால் இரும்பு. 'பொத்' என்றால் துரு. முதல் இரண்டு வண்டியும் 'பொத்'. இரண்டாவதில் சுத்தியலே உள்ளே போய்விட்டது. விற்க வந்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது 'டங்'. 6,500 டாலருக்கு முடித்தோம்.

மேற்கொண்டு சாமான்களுக்கு 1,500 டாலர் பட்ஜெட். பெரியவர் நீளமாக ஒரு லிஸ்ட் எழுதிக்கொண்டு வந்தார். வண்டியை நாலு அங்குலம் உயர்த்துகிற கிட், கூரை மேல் எல்.ஈ.டி. லைட் வரிசை, முன்னால் யானை முட்டினாலும் தாங்குகிற பம்பர்.

"ஐயா, இதெல்லாம் காட்டுக்குள்ளே போறதுக்கு. திரும்பி வர்றதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் லிஸ்ட்டைக் கிழித்துப் போட்டார். (என்னை அவர் கூப்பிடுவது என் பெயரின் முதல் மூணு எழுத்தை வைத்து. தமிழில் 'தம்பி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.) "சரி தம்பி, நீயே எழுது" என்றார்.

பாதிப் பணம் நாலு டயருக்கே போயிற்று. சேறு, பனி இரண்டுக்கும் ஆகிற ஆல்-டெரெய்ன் டயர். மிச்சத்தில் புது பேட்டரி. குளிரில் முதலில் கையை விரிப்பது அதுதான். எஞ்சினோடு கியர்பாக்ஸ், முன்பின் டிஃபரன்ஷியல்களுக்கும் புது ஆயில். ஸ்டெப்னியைக் கட்டாயம் இறக்கிப் பார்க்க வேண்டும். பிக்கப்பில் அது பின்னால் அடியில் ஒரு கேபிளில் தொங்கும். கேபிள் துருப்பிடித்திருந்தால், நடுக்காட்டில் பஞ்சரானபோது ஸ்டெப்னி கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது!

காலி பிக்கப்புக்குப் பின்பக்கம் வெயிட் கிடையாது. ஈரத்தில் சக்கரம் சும்மா சுத்தும். அதற்காகப் பின் ஆக்ஸிலுக்கு மேலே நாலு மணல் மூட்டை. அப்புறம் ஷவல், கோடரி, கையால் இழுக்கிற வின்ச், மரத்தில் சுற்ற அகலமான பெல்ட், இரண்டு ஷேக்கிள், டயர் கேஜ், குட்டி ஏர் கம்ப்ரஸர், கம்பளி, தண்ணீர், தீப்பெட்டி. செல்போன் டவர் எடுக்காத இடத்தில் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்புகிற சின்னக் கருவி ஒன்று.

சட்டம் இருக்கிறது. வண்டியில் போகும்போது துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, உறைக்குள் இருக்க வேண்டும். வேட்டைக்காரர் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும். நான் வேட்டையாடுகிற ஆளில்லை. இருந்தாலும் தலை முதல் இடுப்பு வரை ஆரஞ்சு. எவனாவது என்னை மான் என்று நினைத்துவிட்டால்?

வடக்கே ஏறக்குறைய 300 மைல். 1957-ல் திறந்த, ஐந்து மைல் நீள மேக்கினாக் பாலத்தைத் தாண்டினால் மேல் தீபகற்பம். ஒரே காடு. மரம் வெட்டுகிற லாரிகள் போட்ட மண்பாதை. மூன்றாம் நாள் சாயந்திரம், உதிர்ந்த இலைக்கு அடியில் ஒளிந்திருந்த சேற்றில் வண்டி உட்கார்ந்துவிட்டது. ஃபோர் வீல் டிரைவ் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று நினைப்போம். சாதாரண டிஃபரன்ஷியலில், வழுக்குகிற சக்கரத்துக்குத்தான் முதல் மரியாதை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுற்றின. மற்ற இரண்டும் வேடிக்கை பார்த்தன.

அஞ்சு மணிக்கே இருட்டு. போனில் ஒரு கோடுகூட இல்லை. பெரியவர் கதவைத் திறந்து ஷவலை எடுத்தார்.

"வச்சிடுங்க."

"ரெண்டே ரெண்டு வாரு, தம்பி..."

"வைங்கன்னா வைங்க!"

என் அப்பாவிடம்கூட நான் அப்படிக் கத்தினதில்லை. பைபாஸ் பண்ணின இதயம், எலும்பைத் துளைக்கிற குளிர், பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்றே தெரியாது. அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை லேசாக நடுங்கியது. குளிரா, கோபமா, கேட்கவில்லை.

டயரில் 35 பவுண்டு ஏரை 18-க்கு இறக்கினேன். டயர் சப்பையாகி மண்ணை அகலமாகப் பிடிக்கும். சக்கரத்துக்கு முன்னால் தோண்டி, ஒரு மூட்டை மணலைக் கொட்டினேன். எதிரே ஒரு மேப்பிள் மரத்தில் பெல்ட்டைச் சுற்றி, வின்ச் கொக்கியை வண்டியின் டோ ஹுக்கில் மாட்டினேன். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வரும் என்பதால் அதன்மேல் கம்பளியைப் போட்டேன். (பின்னால் டிரெய்லர் மாட்டுகிற குண்டில் மட்டும் எதையும் மாட்டி இழுக்காதீர்கள். அது உடைந்தால் பீரங்கிக் குண்டு. ஆள் செத்திருக்கிறார்கள்.)

கடக்... கடக்... ஒரு பல், ஒரு அங்குலம். ஒன்றரை மணி நேரம். கடைசியில் பெரியவரை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, "மெதுவா, லோ கியர்ல" என்றேன். வண்டி ஒரு முனகல் முனகி மேலே ஏறியது. கெட்டி ரோடு வந்ததும் கம்ப்ரஸரால் டயருக்குத் திரும்ப ஏர். பாட்டியம்மாவுக்கு சாட்டிலைட்டில் ஒரு செய்தி: 'கிளம்பிட்டோம்.'

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் கணக்குப் பார்த்தேன். 1,500-ல், அன்று ராத்திரி எங்களை வெளியே இழுத்துப் போட்ட ஷவல், வின்ச், பெல்ட், கேஜ், மணல் எல்லாம் சேர்த்து 150 டாலர்கூட இல்லை. பழைய வண்டி வாங்குகிற தம்பிமார்களே, ஸ்டிக்கருக்கும் ஹாரனுக்கும் செலவு பண்ணுமுன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். காடாக இருந்தாலும் சரி, ஏற்காடு மலை ரோடாக இருந்தாலும் சரி.

மான் கிடைத்ததா என்று பாட்டியம்மா கேட்கவே இல்லை. பெரியவரின் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டே, அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அப்புறம் எனக்கு ஒரு முழு ஆப்பிள் பை.

நான் மணல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அடுத்த வருஷத்துக்கு அந்தக் கூரை லைட்டு..."

மணல் மூட்டை ரொம்ப கனம் சார். காதே கேட்கவில்லை!