ரசீது பேசும், நாய் பேசாது

உதவி செய்வது சுலபம். அது யாருக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். பள்ளிக்கூடத்துக்கு உதவினால் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம், ஆஸ்பத்திரிக்கு உதவினால் நோயாளியைக் கேட்கலாம். பிராணிகள் நலக் குழுவுக்கு உதவினால் நாயையா கேட்பது?

அதனால் உதவுபவர்கள் காகிதத்தைக் கேட்கிறார்கள். இந்தியப் பிராணிகள் நல வாரியம் 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கியது. சென்னையில் இருந்த அதன் தலைமையகம் 2018-ல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. பாகூர்க்காரர் பஸ் ஏறிப்போய் விசாரித்துவிட்டு வரும் தூரம் இல்லை.

சரி, கம்பெனிகளிடம் போகலாமே? 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் சமூகப் பொறுப்புச் செலவுப் பட்டியலில் பிராணிகள் நலமும் இருக்கிறது. ஆனால் வெளி அமைப்பு என்றால் மூன்று வருட அனுபவம் வேண்டும். 2021 முதல் 12ஏ, 80ஜி பதிவுகளும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்புகள் அதில் கொஞ்சத்தைச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்தன. 2020-ல் வந்த சட்டத் திருத்தம் அதையும் நிறுத்திவிட்டது.

இந்த விதிகள் தப்பு என்று சொல்லவில்லை. பணத்துக்குக் கணக்கு வேண்டும்தான். ஆனால் காமர்ஸ் படிப்பவர்களுக்கு நிலைச்செலவு என்றால் தெரியும். ஆடிட்டர் கட்டணமும் பதிவுச் செலவும் ஒரு கோடி புழங்கும் அமைப்புக்குத் தூசு. வில்லியனூர் பக்கம் நாலு பேர் சேர்ந்து, அடிபட்ட மாட்டுக்கும் நாய்க்கும் மருந்து போடும் குழுவுக்கு அதுவே பெரிய சுமை. காகிதத்தை மட்டும் வைத்து அளந்தால், காகிதத்துக்குச் செலவழிக்க முடிந்தவர்தான் ஜெயிப்பார்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? கற்பனையாக இரண்டு குழுக்களை வைத்துக்கொள்வோம். இரண்டும் அங்கீகாரம் பெற்ற கருத்தடை மையத்துக்கு ஆளுக்கு 48 பெண் நாய்களைக் கொண்டுபோகின்றன. செலவும் ஒன்றே. முதல் குழு 12 கிராமங்களில் ஊருக்கு நாலு நாய் பிடித்தது. இரண்டாவது குழு இரண்டே கிராமங்களில், அங்கிருந்த பெண் நாய்கள் அத்தனையையும் பிடித்தது. "ஒரு நாய்க்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டால் இரண்டும் சமம். போட்டோ பார்த்தால் முதல் குழுதான் ஜோர்: 12 ஊர் பெயர் வருமே!

அடுத்த வருடம் போய்ப் பாருங்கள். முதல் குழுவின் ஊர்களில் மீதி நாய்கள் ஈத்திற்கு நாலைந்து குட்டி போட்டு, விட்ட இடத்தை நிரப்பியிருக்கும். இரண்டாவது குழுவின் ஊர்களில் வெளியூர் நாய் வந்து சேர்ந்தால்தான் குட்டி. வெறிநோய்த் தடுப்பூசிக்கும் இதே நியாயம்தான். ஓர் இடத்தின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து ஊரில் பத்துப் பத்து சதவீதம் போட்டால் நோய் நிற்காது. கடி படுவது தெருவில் விளையாடும் பிள்ளைகள்.

இதைச் சரிபார்க்கப் பெரிய செலவும் இல்லை. கருத்தடை ஆன நாய்க்குக் காதில் வெட்டு அடையாளம் இருக்கும். விடியற்காலையில் ஒரே வழியில் நடந்து, காது வெட்டிய நாய் எத்தனை, பால் சுரக்கும் நாய் எத்தனை என்று எண்ணினால் போதும். அடுத்த வருடம் அதே பருவத்தில் அதே வழியில் மறுபடி எண்ண வேண்டும். பால் சுரக்கும் நாய்கள் குறைந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடக்கூடிய வேலை இது.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இந்தக் குழு இல்லாவிட்டால் அங்கே என்ன நடக்கும்? நகரத்தில் ஒரு அமைப்பு மூடினால் இன்னொன்று இருக்கும். பாகூர் ஏரிக்கரையில் அடிபட்டுக் கிடக்கும் மாட்டுக்கு அந்த நாலு பேரை விட்டால் பெரும்பாலும் ஆள் இல்லை. அங்கே போகும் பத்தாயிரம் ரூபாய்க்கு மதிப்பு அதிகம்.

ஆகவே முதல் வருடம் சின்னத் தொகை, எளிய ரசீதுக் கணக்கு, கூடவே தெருவில் எண்ணிக்கை. எண்ணிக்கை நன்றாக இருந்தால் அடுத்த வருடம் ஆடிட்டர் கட்டணத்தையும் மானியத்திலேயே சேர்த்துக் கொடுக்கலாம். மூன்று வருட அனுபவம் வேண்டும் என்று கேட்பவர்கள், அதில் முதல் வருடத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும்.