தாத்தாவின் கேமராவுக்கு காது மெஷின் பேட்டரி!

சதாபிஷேகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பரணிலிருந்து அந்தத் தோல் பை இறங்கியது. உள்ளே, 1970களில் தாத்தா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய கேனான் ஆட்டோ ஜூம் 814. சூப்பர் 8 ஃபிலிம் ஓடும் மோட்டார் கேமரா. பேத்தி ஏற்கெனவே ஒரு ஃபிலிம் கார்ட்ரிட்ஜ் வரவழைத்திருந்தாள். 50 அடி, விநாடிக்கு 18 ஃபிரேம் வீதம் 3 நிமிடம் 20 விநாடி ஓடும். ஒன்றே ஒன்றுதான். சொதப்பினால் அவ்வளவுதான்.

மோட்டாருக்கு நான்கு பென்சில் பேட்டரி. பழையவை கசிந்து, ஸ்பிரிங்கெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரைந்தது. புது பேட்டரி போட்டு விசையை அழுத்தினாள். கிர்ர்ர்... ஓடியது!

சிக்கல் மீட்டரில். வெளிச்சத்தை அளக்கும் அதற்குத் தனியாக இரண்டு பட்டன் பேட்டரி வேண்டும். பாதரச பேட்டரி. 1.35 வோல்ட், தீரும்வரை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பாதரசம் நஞ்சு என்பதால் அது கடைகளிலிருந்தே போய்விட்டது. "அதே சைஸ்தாம்மா" என்று கடைக்காரர் கொடுத்த அல்கலைன் பட்டனோ 1.5 வோல்ட். வோல்ட் கூடினால், வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் ஏமாந்து லென்ஸ் துளையைச் சுருக்கிவிடும். படம் இருட்டாகிவிடும்.

"ஏற்கெனவே இவர் எடுத்த படத்துல என் மூஞ்சி மட்டும் கும்மிருட்டாத்தான் இருக்கும்" என்றார் பாட்டி.

இரவு சாப்பிடும்போது, "காதுல பீப் அடிக்குது" என்று தாத்தா காது மெஷின் பேட்டரி அட்டையை எடுத்தார். நீல ஒட்டுத்தாள், எண் 675. பேத்தி அட்டையை வாங்கிப் பார்த்தாள். துத்தநாக-காற்று பேட்டரி, சுமார் 1.4 வோல்ட். பாதரசத்துக்கு ரொம்பப் பக்கம்!

16 மில்லிமீட்டர் குழியில் 11.6 மில்லிமீட்டர் பேட்டரி ஆடியது. குழாய் ரிப்பேர் டப்பாவில் கிடந்த ரப்பர் வாஷர்களைச் சுற்றி மாட்டினாள். "உரிச்சதும் போடாதே, கொஞ்சம் காத்துப் படட்டும்" என்றார் தாத்தா. இதில் அவருக்குத்தானே அனுபவம்! போனிலிருந்த லைட் மீட்டர் ஆப்போடு ஒப்பிட்டபோது, கேமரா ஊசியும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டியது.

கலச நீர் இருவர் தலையிலும் இறங்கி முடிக்கும்போது ஃபிலிமும் தீர்ந்தது. கழுவ அனுப்பியாயிற்று. "வந்துடுச்சா?" என்று பாட்டி தினமும் கேட்கிறார்.

ஒட்டுத்தாள் உரித்த பேட்டரி, சும்மா வைத்திருந்தாலும் சில வாரங்களில் செத்துவிடும். அதனால் விழா முடிந்த அன்று மாலையே தாத்தா கேமராவிலிருந்து இரண்டையும் கழற்றினார். ஒன்றைத் துடைத்துக் காது மெஷினில் போட்டுக்கொண்டார். மற்றது சட்டைப் பையில்.