கரிசலுக்கு வரும் நாய்கள்

திருமங்கலத்துக்குத் தெற்கே நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் கரிசல் ஆரம்பிக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் குதிரைவாலியும் விளைகிற மானாவாரிக் காடு. அறுப்பு முடிந்த மாசி மாதத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மறைப்பே கிடையாது. அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த நாய் இந்த வெளியை முதன்முதலாகப் பார்க்கும்போது உடனே ஓடிவிடுவதில்லை. மூக்கைத் தூக்கி, நின்ற இடத்திலேயே நெடுநேரம் காற்றைப் பிடிக்கும். நாயோடு வருகிற குடும்பங்களுக்கென்றே நான் இந்தப் பண்ணை வீட்டை நடத்துவது அந்த நேரத்துக்காகத்தான்.

இந்த வேலையில் பாதி, வேலியைக் காப்பாற்றுவது. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஐப்பசியில் நேராக நட்ட கல்கால் சித்திரையில் சாய்ந்து நிற்கும். கம்பிவலைக்கு அடியில் நிலம் கைநுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். மோப்பம் பிடித்துத் தோண்டுகிற நாய்க்கு அந்த வெடிப்பே வாசல். அதனால் வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்கிப் புதைத்திருக்கிறேன். கோடை முழுவதும் விடியலில் வேலியைச் சுற்றி வந்து வெடிப்புகளில் மண் தள்ளுகிறேன். கிணற்றின் கைப்பிடிச்சுவர் உயரமாக இருந்தாலும் மேலே இரும்பு வலை போட்டிருக்கிறேன். முயலைத் துரத்துகிற நாய்க்கு முன்னால் இருப்பது கிணறா தரையா என்பது தெரியாது.

வெயிலை வைத்தே இங்கே பொழுதைப் பிரிக்க வேண்டும். பங்குனி தொடங்கி ஆவணி வரை காலை எட்டு மணிக்கு மேல் நாயை வெளியே விடக்கூடாது என்பது என் கட்டாயம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டுந்தான், மற்ற சூடெல்லாம் வாய்வழியாக இளைத்துத்தான் வெளியேற வேண்டும். மூக்கு சப்பையான பக் வகை நாய்க்கு அதுவும் சரியாக முடியாது. உடல்வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். இளைப்பு நிற்காமல் எச்சில் நூலாக வழிந்தால், தொட்டியருகே நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றாடியைப் போட்டுவிட்டு, மருத்துவரிடம் வண்டியை விடுகிறேன். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடுவார்கள் சிலர். அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

சீமைக்கருவேல முள், உண்ணி, கண்ணாடி விரியன் மூன்றும் எங்கள் பக்கத்து நிரந்தரக் குடிகள். நாய்க்குப் பாம்புக்கடி பெரும்பாலும் மூக்கிலும் முன்னங்காலிலும் விழும், மோந்து பார்க்கப் போவதால். இவற்றைவிட நான் அஞ்சுவது மல்லிகைத் தோட்டத்தை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அது பல குடும்பங்களின் சோறு. மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்காமல் அந்த விவசாயம் நடக்காது. மருந்தடித்த பாத்தியில் நடந்த நாய் பிறகு பாதத்தை நக்கும். அதனால் பக்கத்துத் தோட்டக்காரர் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன், “அண்ணே, இன்னைக்கு அடிக்கிறோம்” என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு மேற்குப் பக்கக் கதவைப் பூட்டிவிடுவேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சம்பாதிக்க எனக்குப் பல வருடப் பழக்கம் தேவைப்பட்டது.

ஆட்டுக்காரர்களோடும் அப்படித்தான். கிடை போட்டிருக்கும் நிலத்துப் பக்கம் எந்த நாயும் சங்கிலி இல்லாமல் போகாது. நாய் கடிக்கவே வேண்டாம். துரத்தினால் போதும், சினை ஆடு குட்டி வீசிவிடும். வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச்சந்தையைப் பார்க்க ஆசைப்படுகிற விருந்தினர்களை நானே அழைத்துப் போகிறேன், நாயை வீட்டில் விட்டுவிட்டு. கயிற்றில் கட்டிய நூற்றுக்கணக்கான ஆடுகளுக்கு நடுவே அந்நிய நாய்க்கு இடமில்லை.

கன்னியும் சிப்பிப்பாறையும் இந்த மண்ணின் நாய்கள். தெற்கே விருதுநகர், கோவில்பட்டிக் கரிசலில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கவே வளர்க்கப்பட்டவை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஆழ்ந்த மார்பு எல்லாம் அந்த ஓட்டத்துக்காக அமைந்தவை. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இவற்றின் பெயர் வந்தது. இப்போது சென்னை, கோவை அடுக்குமாடிகளிலிருந்தும் இவற்றைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். வேலிக்கு வெளியே லாப்ரடாரை விசில் அடித்தால் திரும்பும். சிப்பிப்பாறை ஓட ஆரம்பித்துவிட்டால் எஜமானரின் குரல் அதற்கு எட்டாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், மயிலுக்கோ உச்சப் பாதுகாப்பு. இந்த நிலத்துக்கென்றே பிறந்த நாயைத்தான் இந்த நிலத்தில் நான் கட்டிவைக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. அதற்காகவே, அடிபம்புக்குப் பின்னால் இருந்த நீள நிலத்தைப் பயிர் வைக்காமல் விட்டு, கல் பொறுக்கி, இருபுறமும் வலை அடித்து ஓட்டப்பாதை ஆக்கினேன். அதில் கன்னி நாலுகால் பாய்ச்சலில் போவதைப் பார்த்தவர்கள் அந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று கேட்பதில்லை.

தீபாவளிக்குத்தான் அதிகம் கேட்டு அழைப்பார்கள். நம்மைவிடப் பலமடங்கு கூர்மையான காது நாய்க்கு. பட்டாசு வெடிக்கும் நகரத்தில் அது கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடக்கும், இல்லையென்றால் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோகும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே வெடி வெடிப்பதில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்க எனக்கு உரிமையில்லை. பிள்ளைகளின் பண்டிகை அது. வீட்டின் நடு அறையில் ஜன்னல் வைக்கவில்லை. கோணிச்சாக்கு விரித்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, எஜமானர் வாசம் உள்ள பழைய சட்டை ஒன்றையும் போடுகிறோம். அந்த இரண்டு மூன்று நாளுக்கு ஒரே ஒரு குடும்பத்தைத்தான் தங்க வைக்கிறேன். நாலு அறை இருக்கிறதே என்று வீட்டில் கேட்கிறார்கள், வருமானத்தின் நோக்கில் அது நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றையொன்று அறியாத இரண்டு நாய்களை, இரண்டும் பயந்திருக்கிற இரவில், ஒரே கூரைக்குக் கீழே அடைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.