தவறிட்டார்

சாவைச் சாவு என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. காலமானார், இயற்கை எய்தினார் என்போம். ராஜபாளையம் பக்கம் சாதாரணமாகப் புழங்குவது 'தவறிட்டார்'. ஏழு வயதில் எங்க அப்பாவைப் பற்றி நான் கேட்டதும் அதுதான். எனக்குத் தெரிந்த தவறு, கணக்கு நோட்டில் வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பது. அப்பா என்ன தப்பு பண்ணினார்? திருத்திட்டா வந்துடுவார்தானே?

அப்பா சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டினார். பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். நைட் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வருவார். ஒரு ராத்திரி மாரடைப்பு. காரியம் முடிந்த பிறகும் விடிகாலையில் சைக்கிள் சத்தம் கேட்டால் திண்ணைக்கு ஓடுவேன். மற்ற நேரம் பம்பரம் விடுவேன். "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலை" என்றார்கள்.

புதாபெஸ்ட் குழந்தைகளிடம் பேசி மரியா நாகி 1948இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே சாவு ஒரு பயணம், ஒரு தூக்கம். ஒன்பதை ஒட்டித்தான் அது எல்லோருக்கும் வரும் முடிவென்று பிடிபடுகிறது என்றார். பின்னால் வந்தவர்கள் இன்னும் முன்பே புரியும் என்கிறார்கள்.

எனக்குப் புரியவைத்தது அப்பத்தா. "அய்யா, உங்கப்பன் செத்துப்போனான். எரிச்சாச்சு. இனி வரமாட்டான். நீ பண்ணின எதுனாலயும் அவன் சாகலை." அன்றைக்குத்தான் அழுதேன். அழுது முடித்துப் பம்பரத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். குழந்தைகளின் துக்கம் அப்படி விட்டுவிட்டுத்தான் வரும்.

2021 மே மாதம், கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் இருப்பவரிடம் 3 லட்சம் என்று தமிழக அரசு அறிவித்தது. சோற்றுக்கும் படிப்புக்கும் ஆகும். ஆனால் சேதியை யார் சொல்வது? அந்த வருடம் எங்கள் தெருவில் அம்மாவைப் பறிகொடுத்த சிறுமியிடம், "அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்காங்க" என்றே சொல்லி வைத்திருந்தார்கள். உடலையும் அவள் பார்க்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்திருந்த நேரம். பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் என்னிடம் கேட்டாள்: "மாமா, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல பொம்பளப் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்ல?"

அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'செத்துப்போனாங்க' என்ற சொல்லையே சொன்னார். ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் கேட்டாள்: "இனி எனக்கு ஜடை யாருப்பா பின்னுவா?"

"நான் பின்னுறேன்மா."

கோணலாகத்தான் பின்னினார். அதோடுதான் பள்ளிக்கூடம் போனாள்.