மூலம் என்ன பாவம் செய்தது?

பரணி தரணி ஆளும். மகம் ஜகம் ஆளும். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. ரோகிணி மாமனுக்கு ஆகாது (கம்சன் கதைதான் காரணம்!). 27 நட்சத்திரங்களுக்கும் ஆளுக்கொரு குணத்தைப் பட்டயம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் பெரியவர்கள்.

இதில் அதிகமாக அடி வாங்குவது மூலம். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்." ஒரே நட்சத்திரம்தான். பையனுக்கு சிம்மாசனம், பெண்ணுக்கு மாமனாரை அனுப்பி வைப்பவள் என்ற பட்டம்! "ஆனி மூலம், பின் மூலம் என்பதுதான் ஆண், பெண் என்று திரிந்துவிட்டது" என்று ஜோதிடர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். கல்யாணத் தரகர் காதில் அது விழுந்தால்தானே...

சரி, இந்த மூலம் எங்கே இருக்கிறது? ஆனி, ஆடி மாதத்தில் இருட்டிய பிறகு தெற்கே பாருங்கள். சிவப்பாக மின்னுவது கேட்டை. அங்கிருந்து தேளின் வால் போல வளைந்து போகும் வரிசையின் முனையில் இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டினாற்போல் இருக்கும். அதில் பிரகாசமானது ஷௌலா. அதுதான் மூலம்.

வானத்தில் இது விருச்சிகத்தின் கொடுக்கு. பஞ்சாங்கத்திலோ தனுசு ராசி! ராசிகளை 30 டிகிரி வீதம் சமமாக வெட்டியதால் வந்த குழப்பம். இதே நட்சத்திரங்கள் சீனர்களுக்கு டிராகனின் வால். ஹவாய்த் தீவுக்காரர்களுக்கு மாவி என்ற வீரனின் தூண்டில் முள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பிறந்தபோது நிலா நின்ற இடம்தான் ஜன்ம நட்சத்திரம். நிலா ஒரு சுற்று வர 27.3 நாள், அதாவது ஒரு நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள். 2022-ல் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. 27-ஆல் வகுத்தால் சுமார் 30 கோடி. அதில் பாதி, 15 கோடிப் பெண்கள் மூலம்! ஜப்பானிலும் பிரேசிலிலும் இருக்கும் அவர்களுடைய மாமனார்களுக்கு இந்த ஆபத்து தெரியவே தெரியாது. பாவம், நிம்மதியாக இருக்கிறார்கள் :-)

"ஆனா என் குணத்தை அப்படியே சொல்லியிருக்காங்களே" என்பீர்கள். 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணபலன் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மார்க் போடச் சொன்னதில் 5-க்கு சராசரி 4.26. விஷயம் என்னவென்றால், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே பலன்தான். அந்த வரிகளில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை!

பொழுதுபோக்காக ராசிபலன் படிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் பிடித்துப்போய், கடைசியில் "பொண்ணு மூலமாமே" என்று ஜாதகம் திரும்பி வரும்போது அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணோ தான் செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நிற்கிறாள். ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தால் கேட்டை, மூத்த மைத்துனருக்கு ஆகாது. ஒரு நாள் கழித்து என்றால் பூராடம், தாலி நிலைக்காது. எந்தப் பக்கம்தான் தப்பிப்பாள்?

பெண் பார்க்கப் போகும் மக்களே, அவளிடம் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். குணம் தெரிய அது போதும். ஷௌலாவைக் கேட்க வேண்டாம். அது பல நூறு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.